மாரியோ தானாக நடந்த கதை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பேரம் பேசி 80 மலேசிய வெள்ளிக்கு நின்டென்டோ 64 என்ற பழைய வீடியோ கேம் பெட்டியை வாங்கி வந்து, 1996-இல் வந்த சூப்பர் மாரியோ 64 விளையாட்டைப் போட்டால், யாரும் தொடாமலே மாரியோ மெல்ல இடது பக்கமாக நடந்துபோய் கோட்டை அகழியில் தொப்பென்று விழுகிறான். சின்னவளுக்கு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் வயிற்றெரிச்சல்.

கன்ட்ரோலரைக் கழற்றி ஆல்கஹாலால் துடைத்தேன், பயனில்லை. அப்புறம்தான் கவனித்தேன், சுவிட்சைப் போடும்போதே அவள் கட்டைவிரல் ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருக்கிறது. அந்த ஸ்டிக்குக்குள்ளே பொடிப்பொடி ஓட்டை போட்ட இரண்டு சக்கரங்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு சுழன்றன என்பதைக் கன்ட்ரோலர் ஒளியை வைத்து எண்ணுகிறதே தவிர, நடு எது என்று அதற்குத் தெரியாது, ஆன் செய்யும்போது எங்கே இருந்ததோ அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். சரி, ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் பொத்தான்கள் மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். அப்போது ஸ்டிக் இருந்த இடத்தையே புது நடுவாக எடுத்துக்கொண்டது. மாரியோ நின்றுவிட்டான்.

துடைக்கக் கழற்றிய திருகாணிகளில் ஒன்றை மட்டும் இன்னும் சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.