சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரக் கழகம் தொடங்குவது எப்படி

தரம் 1 முதல் 5 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு இணைப்பாடவிதானம் என்று எங்கள் திருகோணமலைப் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் இருப்பது இல்ல விளையாட்டுப் போட்டியும், தமிழ்மொழித் தினப் போட்டிக்காகப் பாடமாக்கும் பேச்சோ பாட்டோதான். ஓடக்கூடிய பிள்ளை ஓடும், பேசக்கூடிய பிள்ளை பேசும், மற்ற எல்லாரும் வெயிலில் இருந்து கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டுகிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், நிழலான ஓர் இடம், வருவேன் என்று சொன்ன நாளில் தவறாமல் வருகிற ஒரு பெரியவர், இவ்வளவும் இருந்தால் கழகம் தொடங்கலாம். காசெல்லாம் பிறகு. இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம், அதனால் உங்களால் ஆறு மாதம் தொடர்ந்து வர முடியுமா என்று உங்களையே கேட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டு கிழமை ஆள் வராவிட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு மனம் விட்டுப்போகும், பிறகு கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள். ஞாயிறு காலையில் சைவப் பிள்ளைகளுக்கு அறநெறி வகுப்பு, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பூசையும் மறைக்கல்வியும். முஸ்லிம் பிள்ளைகள் நிறையப் பேர் பின்னேரங்களில் ஓதப் போவார்கள், வெள்ளி மத்தியானம் ஜும்ஆ. இதற்கெல்லாம் மேலே ரியூசன். இதைக் கவனிக்காமல் நாள் வைத்தால், பாலையூற்றிலோ உப்புவெளியிலோ ஒரே ஒழுங்கையில் வளர்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் வர ஏலாமல் போகும், ஒரே ஒழுங்கைப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து விளையாடுவதுதான் இந்தக் கழகத்தின் பெரிய பயனே. சனிக்கிழமை பின்னேரம் 4.30 அநேகமாக ஒத்துவரும், ஆனாலும் வீடு வீடாகப் போய் ஒரு சொல் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். நேரமும் காலநிலையைப் பொறுத்தது. மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான் என்கிற தென்மேல் காற்று அனலாக வீசும், 4 மணிக்கும் மணலில் கால் வைக்க முடியாது. நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழை, கடலும் அடிக்கும், அப்போது உள்ளே இருந்து செய்கிற வேலை ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

பாடசாலைக்குள்ளே நடத்துவதென்றால் அதிபரிடம் கதையுங்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் ஒருவரையாவது உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலையின் பெயரில் வெளியே கூட்டிக்கொண்டு போவதற்கு அதிபர் தலையசைத்தால் மட்டும் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் எடுத்துவிடுங்கள். சனசமூக நிலையத்திலோ யாருடைய வளவிலோ நடத்தினாலும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: வீட்டுத் தொலைபேசி எண், ஒவ்வாத சாப்பாடு, இழுப்பு மாதிரி வருத்தம் ஏதும் இருக்கிறதா, கூட்டிக்கொண்டு போக யார் வருவார்கள். அந்தப் பக்கத்தில் பெயர் இல்லாதவரோடு, அவர் சொந்த மாமாவே என்றாலும், வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்காமல் பிள்ளையை அனுப்ப வேண்டாம். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். கொப்பியின் முதல் பக்கத்திலேயே 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணையும் 1929 என்ற சிறுவர் உதவி எண்ணையும் பெரிதாக எழுதி வையுங்கள்.

எத்தனை பேர்? 15 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். கூடுதலாக ஆசைப்பட்டால் இரண்டாவது குழு, இரண்டாவது நாள்.

சரி, என்ன செய்வது? எங்கள் ஊரில் இருந்துகொண்டு நான் முதலில் சொல்வது கடற்கரைக் கழகம்தான். நாலு மீற்றர் கயிற்றின் இரண்டு நுனியையும் முடிந்து, நாலு மூலைக்கும் நாலு தடி வைத்தால் மீற்றருக்கு மீற்றர் ஒரு சதுரம் வரும். மூன்று பிள்ளைக்கு ஒரு கயிறு. டச்சு வளைகுடாப் பக்கமோ உப்புவெளியிலோ ஈர மணலும் காய்ந்த மணலும் சந்திக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே கயிற்றை விரித்து, ஐந்து நிமிஷம் வாய் திறக்காமல் அதற்குள்ளே மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நிமிஷத்தில் ஒன்றுமில்லை என்பார்கள். பிறகு ஒரு பிள்ளை நண்டு வளையைக் காணும், வளை நேராக இறங்காமல் சரிந்து போவதைக் காணும், வெளியே எறிந்த மண் ஒரு பக்கமாக மட்டும் குவிந்து கிடப்பதையும் அது இன்னும் ஈரமாக இருப்பதையும் காணும், அப்படியானால் நண்டு உள்ளேதான் இருக்கிறது என்று அது தானாகவே சொல்லும். பொறுத்திருந்தால் காம்பு மாதிரி இரண்டு கண் மெல்ல மேலே வரும். அந்த நேரத்தில் நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்.

பார்த்ததைக் கொப்பியில் கீற வேண்டும். மேலே திகதி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து, கடல் அடிக்கிறதா அடங்கிக் கிடக்கிறதா. கீழே படம், பக்கத்தில் எண்ணிக்கை: சிப்பி எத்தனை, வளை எத்தனை, போத்தல் மூடி எத்தனை, நைலோன் வலைத் துண்டு எத்தனை. அடுத்த கிழமையும் அதே இடம், அதே கயிறு. நாலைந்து கிழமைப் பக்கங்களை வரிசையாக விரித்தால் பிள்ளைகளே ஒப்பிடத் தொடங்குவார்கள், மழைக்குப் பிறகு எப்போதும் குப்பை கூடுகிறது, வாய்க்கால் வழியாகத்தான் வருகிறது என்று ஒரு எட்டு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொல்லும். அவர்கள் வகுப்பில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது, அதனால் ரீச்சர்மாரும் இதை விருப்பத்தோடு வரவேற்பார்கள்.

கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போங்கள். முதல்நாளே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் சொல்லிவிட்டு, இழுப்பவர்களின் காலடியில் பிள்ளைகள் நிற்காதபடி தள்ளி நிறுத்தி, வலை கரைக்கு வந்த பிறகு கிட்டப் போகலாம். சூடை, கீரி, நெத்தலி, பாரைக்குட்டி என்று பெயர் சொல்லிக் காட்ட நீங்கள் தேவையில்லை. மீனவர் ஊரான திருக்கடலூரின் பிள்ளை ஒன்று குழுவில் இருந்தால் அதுவே சொல்லிக் கொடுக்கும், செதிலைத் தடவிப் பார்த்து இது வேறு, அது வேறு என்று பிரித்தும் காட்டும். வகுப்பில் பின்வாங்கில் பேசாமல் இருக்கிற பிள்ளையாகக் கூட அது இருக்கலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

கடல் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கணுக்காலுக்கு மேலே தண்ணீர் கூடாது, ஒருவர் எப்போதும் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும், வந்ததும் போகும்போதும் தலை எண்ண வேண்டும். 2004 டிசம்பர் 26 இந்தப் பிள்ளைகள் பிறக்கும் முன்னே நடந்தது. நிலம் பலமாக நடுங்கினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லி, எந்தப் பாதையால் என்று நடந்தும் காட்டிவிடுங்கள். புறாத்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போக அவசரப்பட வேண்டாம். அது 2003 இலிருந்து தேசிய பூங்கா, நிலாவெளியிலிருந்து படகில் போக வேண்டும், நீந்தத் தெரியாத சின்னக் கால்கள் முருகைக்கல்லில், அதாவது பவளப் பாறையில், ஏறினால் காலும் வெட்டும், கல்லும் உடையும். அது பெரிய வகுப்புக்குப் போன பிறகு.

கடல் தூரமான தம்பலகாமம், கன்னியாப் பக்கங்களில் இதே கயிற்றை வயல் வரம்பிலும் குளக்கரையிலும் விரிக்கலாம்.

விளையாட்டென்றால் கிளித்தட்டு. கிரிக்கெட்டில் ஒரு பிள்ளை அடிக்க மற்றவர்கள் பந்துக்காகக் காத்து நிற்பார்கள், கிளித்தட்டில் ஒருவரும் சும்மா நிற்க முடியாது. கோடு கீறத் தடி ஒன்று போதும். நடுக்கோட்டில் ஓடுகிறவர் கிளி, குறுக்குக் கோட்டுக்கு ஒருவர் காவல், மற்றக் கட்சி எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். சின்னவர்களுக்கு மூன்று குறுக்குக் கோட்டோடு தொடங்குங்கள். கட்சி பிரிப்பதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகளிடம் விட்டால் ஒரே பிள்ளைதான் எப்போதும் கடைசியாக எடுபடும், அந்தப் பிள்ளை மூன்றாவது கிழமை வராது. ஓடமுடியாத பிள்ளை இருந்தால் நடுவர் வேலை கொடுங்கள், அதுவும் விசிலோடு.

மழை மாதங்களுக்குச் சதுரங்கம் நல்லது, ஆனால் எல்லாக் காயையும் ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துக் குழப்பாதீர்கள். முதல் கிழமை இரண்டு பக்கமும் எட்டு எட்டுச் சிப்பாய் மட்டும், எவருடைய சிப்பாய் முதலில் மற்றக் கரையைத் தொடுகிறதோ அவர் வெற்றி. அடுத்த கிழமை ராஜாவைச் சேருங்கள், பிறகு கோட்டை. குதிரை கடைசியாக வரட்டும். பலகை குறைவாக இருந்தால் கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான், தாயம் இரண்டையும் ஒரு மூலையில் வையுங்கள், அம்மம்மா ஒருவரைக் கூப்பிட்டு இருத்தினால் அந்த மூலை தன்பாட்டில் நடக்கும்.

எழுத விருப்பமான பிள்ளைகள் இருந்தால் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை. மாதத்துக்கு ஒன்று, ஒரே ஒரு பிரதி, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம், எழுத்துப் பிழையைச் சிவப்புப் பேனாவால் திருத்தாமல் விடுங்கள். நான் சொல்வது ரீச்சர்மாருக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் இந்த ஒரு இடத்திலாவது பிள்ளை பயமில்லாமல் எழுதட்டும். அந்தப் பிரதி கிழமைக்கு ஒரு வீடாகச் சுற்றி வரட்டும், அப்பா அம்மாவும் வாசிப்பார்கள். நடனம், மிருதங்கம், கராத்தே எல்லாம் தெரிந்த ஆசிரியர் கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள். பாடசாலையில் குருளைச் சாரணர் குழு இருந்தால் அதோடு போட்டி போடாமல் நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பரிசு, சான்றிதழ், முதலாம் இரண்டாம் இடம் ஒன்றும் வேண்டாம். பெற்றோர் கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் கொப்பியை அவர்கள் கையில் கொடுத்து, பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், மரத்தடியில் பாய் விரித்தால் போதும்.

தரம் 5 வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சை என்று பிள்ளையை நிறுத்துவார்கள். சண்டை பிடிக்காதீர்கள், பெற்றோரின் பயம் பெரிய பயம். கிழமைக்கு வராவிட்டால் மாதத்துக்கு ஒரு தரமாவது அனுப்புங்கள் என்று கேளுங்கள், அந்தப் பிள்ளையின் கொப்பியைக் கழகத்திலேயே வைத்திருங்கள். பரீட்சை முடிந்த அடுத்த சனிக்கிழமை நீங்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், இந்த முறை உதவியாளராக. கயிறு விரிப்பது, தலை எண்ணுவது, சின்னவர்களுக்குக் கிளித்தட்டுக் கோடு கீறுவது எல்லாம் இனி அவர்கள் பொறுப்பு.