பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை: முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர் யார்?

நோய் வந்தவர் ஒருவர், பயந்துபோய் ரத்தம் கொடுப்பவர் இன்னொருவர். பரம்பரைப் புற்றுநோய்க்கான மரபணுப் பரிசோதனையில் நடக்கும் பெரிய தவறு இதுதான்.

அம்மாவுக்கு 42 வயதில் மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மகள் மட்டும் பரிசோதித்து 'மரபணுவில் பிழை இல்லை' என்று வந்தால், அம்மாவிடம் இருந்த பிழை மகளுக்கு வராமல் இருக்கலாம். அந்தக் குடும்பத்துப் பிழை இந்தச் சோதனையில் சிக்காமலும் போயிருக்கலாம். அம்மாவுக்கு வந்தது பரம்பரை நோயே இல்லாமலும் இருக்கலாம். எது என்று சொல்ல வழியில்லை. அம்மாவை முதலில் சோதித்து, பிழைபட்டால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ1 மரபணுவில் இன்ன இடத்தில் பிழை என்று தெரிந்துவிட்டால், மகளுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தாலே போதும். அப்போது வருகிற 'இல்லை'யை நம்பலாம். பிஆர்சிஏ பிழை உள்ளவர்களின் புற்றுநோய்க்குத் தரும் ஓலாபரிப் போன்ற மருந்து அம்மாவுக்கு உதவுமா என்பதும் அதே ரிப்போர்ட்டில் தெரியக்கூடும்.

அடுத்தது, அப்பா வழியை விட்டுவிடுவது. மார்பகம், சினைப்பை என்றதும் அம்மா, பெரியம்மா, சித்தியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. பிஆர்சிஏ பிழை அப்பாவிடம் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அத்தையைப் பற்றியும் கேளுங்கள். "வயித்துல கட்டின்னு ஆபரேஷன் பண்ணாங்க" என்பதற்கு மேல் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். எந்த உறுப்பு, எந்த வயதில் என்று துருவ வேண்டும், பழைய பயாப்சி தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. குடலும் கர்ப்பப்பையும் ஒரே குடும்பத்தில் வந்திருந்தால் அது லிஞ்ச் எனும் வேறொரு பரம்பரைக் கோளாறாக இருக்கலாம்.

கடலூரில் இன்னொன்று உண்டு. யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் 'சிப்காட் (தொழிற்பேட்டை) புகை' என்று பேச்சு முடிந்துவிடும். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் ஒரே வீட்டில் அக்காவுக்கும் தங்கைக்கும் 45 வயதுக்குள் வந்தால், புகையை மட்டும் பழி சொல்லிவிட்டு நிற்கக் கூடாது. அதற்காக 70 வயதுப் பாட்டிக்கு வந்ததெல்லாம் பரம்பரையும் அல்ல. மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் அப்படி வருகிறது. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்பதும் தவறு, பிஆர்சிஏவுக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வரும் பிழையே போதும்.

இதையெல்லாம் பிரித்துச் சொல்லத்தான் மரபணு ஆலோசனை. புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரிலோ வேறெங்கோ, சிகிச்சை தரும் புற்றுநோய் மருத்துவரிடமே முதலில் கேளுங்கள். வேலூர் சிஎம்சியில் மரபணுவுக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆலோசனை இல்லாமல் ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவர்கள் தடுமாறுவது 'வியுஎஸ்' என்ற வார்த்தையில். மரபணுவில் ஒரு மாற்றம் தெரிகிறது, அது கெட்டதா என்று இன்னும் தெரியாது என்பதே அதன் பொருள். இதை வைத்து மார்பகத்தையோ சினைப்பையையோ எடுக்கக் கூடாது. இவற்றில் பெரும்பாலானவை பின்னாளில் தீங்கற்றவை என்றே மாற்றி எழுதப்படுகின்றன.

கடைசித் தவறுதான் எனக்கு ஆற்றாமை தருவது: "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் பூட்டி வைப்பது. பிஆர்சிஏ பிழை உள்ள பெண்ணுக்கு மார்பக எம்ஆர்ஐ கண்காணிப்பு 25 வயதிலேயே தொடங்குகிறது. பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதுக்குள், பிள்ளைப்பேறு முடிந்தபின், சினைப்பையை எடுப்பது பற்றி மருத்துவர்கள் பேசுவார்கள். பையனுக்கும் சொல்ல வேண்டும், அவனுக்கும் பெண் பிறக்கலாம். சொல்லும்போது 'பிஆர்சிஏ இருக்காம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதாது. பிழையின் எழுத்தும் எண்ணும் அச்சான அந்தப் பக்கத்தின் நகல் உடன்பிறந்தவர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். எந்த இடத்தைத் தேடுவது என்று லேப் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.