ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ்: இளங்கலை விண்ணப்பத்தில் எங்கே சறுக்குகிறது

ஒரே ஆண்டில் இரண்டுக்கும் விண்ணப்பிக்க முடியாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பல்கலைக்கழகத்தைவிடப் பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

விண்ணப்பம் யூகாஸ் (பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பத் தளம்) வழியாகத்தான் போகும். கடைசி நாள் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. இந்தியாவில் அப்போது இரவு 10.30. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதற்குள் ஏறியிருக்க வேண்டும் என்பதால், பள்ளியில் ஆகஸ்டிலேயே கேட்டுவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது நுழைவுத் தேர்வில். அதற்குப் பதிவு தனி. பல பாடங்களுக்குச் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். தேர்வு கட்டாயமான பாடத்துக்கு அதை எழுதாவிட்டால், மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை.

விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் தன்விளக்கக் கட்டுரை இப்போது மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் பாடம், படிப்பு எப்படித் தயார்படுத்தியது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. முதல் இரண்டுக்கே அதிக இடம் கொடுங்கள். விளையாட்டுக் கோப்பைகளைவிட, படித்த ஒரு நூலில் எந்த வாதம் உங்களை உறுத்தியது, ஏன் என்பதே இங்கே எடுபடும். யூகாஸில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளுக்கும் இதே கட்டுரைதான் செல்லும். எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதாதீர்கள்.

நேர்காணல் பெரும்பாலும் டிசம்பரில். விடை தெரியாவிட்டால் மௌனமாக இருக்காமல், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.