இழுக்காமலே எழுத்தைப் பொருத்த ஒரு வழி

தமிழ் எழுத்துகளைப் படத்தோடு பொருத்தும் செயலி அது. 'ப' என்ற எழுத்தை விரலால் இழுத்துப் பழத்தின் மேல் விட வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியிடம் கொடுத்தபோது, எழுத்து பாதி வழியில் நழுவிப் பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. விடை அவளுக்குத் தெரியும். பார்வை பழத்தை விட்டு அகலவே இல்லை.

இழுப்பதை நீக்காமல், கூடவே இன்னொரு வழி வைத்தேன். எழுத்தைத் தொட்டால் அதைச் சுற்றித் தடித்த கோடு வரும். அடுத்துப் படத்தைத் தொட்டால் எழுத்து அங்கே போய் அமரும். 2023 அக்டோபரில் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 என்ற, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் நெறிமுறையும் இழுத்தலுக்கு இப்படியொரு மாற்று கேட்கிறது. பொத்தானின் அளவுக்கு அது சொல்லும் குறைந்த வரம்பு 24 பிக்சல். ஆண்ட்ராய்டின் பரிந்துரை 48 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் அலகு), சுமார் 9 மில்லிமீட்டர். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டுமே போதாது என்பேன். ஆண்ட்ராய்டு சொல்வதைப்போல் இரு மடங்கு வைத்தேன்.

அப்போதும் சில வேளை திரை அசையவில்லை. டேப்லெட்டைப் பிடித்திருந்த இடது கையின் கட்டைவிரல் ஓரத்தில் படிய, செயலி அதையே முதல் தொடுகையாக எடுத்துக்கொண்டு வலது விரலைக் கண்டுகொள்ளாமல் இருந்தது. ஓரப் பட்டையில் விழும் தொடுகைகளைப் புறக்கணிக்கச் செய்ததும் சரியானது.

தவறான விடைக்கு ஒலித்த 'பீப்' ஆட்டிசம் உள்ள ஒரு பையனைக் காதைப் பொத்த வைத்தது. அதனால் இப்போது அந்த ஒலியை வேண்டுவோர் மட்டும் அமைப்புகளில் திறந்துகொள்ளலாம். தொடக்கத்தில் மூடியே இருக்கும்.