எலிக்குப் போட்ட ஸ்பைனல் ஊசி, நம்மாளுக்குப் போடற ஸ்பைனல் ஊசி: அந்த ஆராய்ச்சியெல்லாம் எப்படிப் படிக்கறது

போன மாசம் ராத்திரி பத்தரைக்கு எங்க தெரு மாப்ள ஒருத்தன் போன் போட்டான். பொண்டாட்டிக்கு சிசேரியன்னு நாள் குறிச்சாச்சு, இவன் சும்மா இருக்காம மொபைல்ல தேடிப் பாத்திருக்கான், "ஏன்டா முதுகுல போடற மருந்து எலிக்கெல்லாம் நரம்பக் கெடுத்துருச்சாமே, நீ ஆபரேஷன் தியேட்டர்லதான வேல பாக்கற, சொல்றா"னு கேட்டான். நான் பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரன், அனஸ்தீசியா டெக்னீசியன், அதாவது மயக்க மருந்து டாக்டருக்குக் கூட இருந்து ஒதவறவன், டாக்டர் கிடையாது. ஆனா இந்த மாதிரி ஆராய்ச்சிப் பேப்பர் நிறைய படிச்சிருக்கேன். அவனுக்கு அன்னைக்கு சொன்னதத்தான் கொஞ்சம் விரிச்சு எழுதறேன்.

மொதல்ல ரிசல்ட்டைப் படிக்காதீங்க. எல்லாரும் நேரா கடைசி வரிக்குப் போயிடறாங்க, "நரம்பு சேதம்"னு இருந்தா பயம், "பாதுகாப்பானது"னு இருந்தா நிம்மதி, ரெண்டுமே தப்பு. எங்க போட்டாங்க, எத்தன சதவீதம், எத்தன மில்லி, இத மொதல்ல தேடுங்க. மருந்து பேரு அப்புறம்.

'எங்க', 'எத்தன மில்லி'ங்கறது ஏன் முக்கியம்னா எங்க வீட்டு மாட்டையே சொல்றேன். ஈன மறுநாள் கர்ப்பப்பை வெளிய தள்ளிருச்சு, மிருகாசுபத்திரி டாக்டர் வந்தாரு. உள்ள தள்ளத் தள்ள அது முக்கி முக்கி வெளிய அனுப்புது. அவரு வாலை எங்கப்பா கைல குடுத்து பம்பு அடிக்கற மாதிரி மேலயும் கீழயும் ஆட்டச் சொன்னாரு, ஆட்டறப்ப எந்த எலும்புக்கு நடுவுல பள்ளம் அசையுதுனு வெரல வச்சுப் பாத்து, அங்க ஊசியக் குத்தி லிக்னோகெயின்னு மரக்க வைக்கற மருந்து, 2%, 5 மில்லி ஏத்துனாரு. கொஞ்ச நேரத்துல வால் துணி மாதிரி தொங்கிருச்சு, முக்கறது நின்னுச்சு, மாடு பாட்டுக்கு நின்னு அச போடுது. எங்கப்பா "இன்னொரு அஞ்சு போடுங்க சார், வலியே தெரியாம இருக்கட்டும்"னாரு, டாக்டர் சிரிச்சுட்டே "அதிகமாப் போட்டா மேல ஏறி பின்னங்கால் போயிடும், மாடு படுத்துரும், அப்புறம் யாரு தூக்கறது"ன்னாரு. அதே மருந்து, அதே மாடு, அளவு மட்டும்தான் வேற. இதுல இன்னொன்னும் இருக்கு, அவரு போட்டது எபிடூரல், தண்டுவடத்தச் சுத்தி இருக்கற உறைக்கு வெளிய. ஸ்பைனல்னா உறைக்கு உள்ள, தண்டுவடத்தச் சுத்தி நிக்கற தண்ணிக்குள்ளயே போடறது. அதனால எபிடூரல் பேப்பரப் படிச்சுட்டு ஸ்பைனலுக்கு முடிவு எடுக்காதீங்க.

அடுத்து அந்தத் தண்ணியோட கணக்கு. மனுசனுக்கு மூளை, தண்டுவடம் எல்லாம் சேத்து சுமாரா 150 மில்லி இருக்கும், எலிக்கு மொத்தமே கால் மில்லி சொச்சம்தான். எலிக்கு அதனால மைக்ரோலிட்டர் கணக்குல, 20 மைக்ரோலிட்டர் மாதிரி, உள்ள வச்ச ஒரு நூல் மாதிரி டியூப் வழியா விடுவாங்க. 1976ல யாக்ஷ், ரூடினு ரெண்டு பேரு காமிச்ச முறை அது, இன்னிக்கும் நிறைய பேரு அதத்தான் பண்றாங்க. நம்ம தியேட்டர்ல மாதிரி ஒரு தடவ குத்தி எடுத்துடற கதை இல்ல அது, டியூப் உள்ளயே இருக்கு, மருந்து அதே எடத்துல கொட்டுது. கிலோவுக்கு எவ்ளோனு வகுத்துப் பாக்கறதும் இங்க சரியா வராது, நரம்பு மேல எவ்ளோ கெட்டியா, எவ்ளோ நேரம் நிக்குதுங்கறதுதான் விஷயம்.

இது மனுசங்ககிட்டயே நடந்திருக்கு. 1991ல அமெரிக்காவுல சில கேஸ் வெளிய வந்துச்சு, முதுகுல கதீட்டர்னு ஒரு சின்ன டியூப் வச்சு 5% லிக்னோகெயின திரும்பத் திரும்பக் குடுத்ததுல, மருந்து பரவாம கீழயே தேங்கி நின்னு, கால் மரத்து, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போன மாதிரி ஆச்சு. 1992லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அந்த மெல்லிசு கதீட்டர மார்க்கெட்ட விட்டு எடுக்க வச்சுருச்சு. அப்புறம்தான் எலில வச்சுப் பாத்தாங்க, மருந்தோட சேத்த குளுக்கோஸ்தான் காரணமோனு சந்தேகம், இல்ல, குளுக்கோஸ் இருந்தாலும் இல்லாட்டியும் 5% லிக்னோகெயின் சேதம் பண்ணுச்சு. மரக்க வைக்கற மருந்து நரம்போட சோடியம் சேனல, அதாவது நரம்பு சேதி கடத்தற வாசல, அடைக்கறதுனாலதான் சேதமோனும் பாத்தாங்க, அதுக்கு பேத்தை மீன் விஷம் இருக்குல்ல, டெட்ரோடாக்சின், அதப் போட்டாங்க, அதுவும் சேனல அடைக்குது ஆனா நரம்பு கெடல. மரக்க வைக்கற வேல வேற, நரம்பக் கெடுக்கற வேல வேறனு தெரிஞ்சது இப்படித்தான். எலி ஆராய்ச்சில எனக்குப் பிடிச்சதே இந்த மாதிரி பிரிச்சுக் காட்டறதுதான்.

இப்ப கண்ட்ரோல் குரூப், அதாவது ஒப்பிட்டுப் பாக்க மருந்து போடாம வச்ச எலிங்க. வெறும் சலைன் போட்ட எலிங்க இருக்கா, மருந்துல கலந்த மத்த சாமானத்த மட்டும் தனியாப் போட்ட எலிங்க இருக்கானு பாருங்க, இல்லனா பேப்பர மூடிடலாம். டியூப் வச்சதுக்கே கொஞ்சம் வீக்கம் வரும், அதயும் மருந்து தலைல கட்டிருவாங்க. குளோரோபுரோக்கெயின்னு இன்னொரு மரக்க வைக்கற மருந்து, அதோட கதையக் கேளுங்க. 1980 வாக்குல எபிடூரல் போடறப்ப தவறி உறைக்குள்ள நிறைய போனவங்களுக்கு நரம்பு பாதிப்பு வந்துச்சு. 1984ல முயல்ல பாத்துட்டு, மருந்து மேல தப்பில்ல, கெடாம இருக்க சேத்த சோடியம் பைசல்ஃபைட்தான் குத்தவாளினு சொன்னாங்க, இருபது வருசம் எல்லாரும் அதத்தான் சொல்லிட்டு இருந்தாங்க. 2004ல எலில திரும்பப் பாத்தா அப்படியே தலைகீழ், குளோரோபுரோக்கெயின் தனியாவே சேதம் பண்ணுது, பைசல்ஃபைட் மட்டும் போட்ட எலி சலைன் எலி மாதிரியே இருக்கு, ரெண்டும் சேந்தா சேதம் கொறையவே செய்யுது. இத்தனைக்கும் அதே குளோரோபுரோக்கெயின், பிரிசர்வேட்டிவ் இல்லாத 1% மருந்தா, 2017ல ஸ்பைனலுக்கு எஃப்டிஏ அனுமதி வாங்கிருச்சு. ஒரு மிருகத்துல ஒரு தடவ வந்த ரிசல்ட்ட கல்வெட்டு மாதிரி எடுத்துக்கக் கூடாதுனு நான் கத்துக்கிட்டது இந்தக் கதைலதான்.

மருந்து வேல செஞ்சுதாங்கறதுக்கு எலி வாலுல சூடு காட்டி எத்தன செகண்டுல இழுக்குதுனு பாப்பாங்க, தோல் வெந்துடாம இருக்க இத்தன செகண்டுதான்னு கணக்கு வச்சு நிறுத்திடுவாங்க. இதுல ஒரு ஓட்டை இருக்கு. வால அசைக்கவே முடியாத எலி வலிச்சாலும் இழுக்காது. எங்க மாட்டு வால் தொங்குச்சே, அதே மாதிரி. அதனால காலு நடக்குதா, தசை பலம் இருக்கானு தனியா ஒரு மார்க் போட்டிருக்காங்களானு பாருங்க, இல்லனா 'வலி போச்சு'ங்கறத பாதிதான் நம்பணும்.

சேதம் இருக்கானு பாக்கறதுக்கு ஒரு நாள் பத்தாது, சில நாள் விட்டு நரம்ப வெட்டி ஸ்லைடு போட்டுப் பாக்கணும், ஸ்லைடப் பாக்கறவருக்கு எது எந்த எலினு தெரியக் கூடாது. 'எலி நல்லா நடந்துச்சு'னு மட்டும் எழுதியிருந்தா அது சேதம் இல்லைங்கறதுக்கு சாட்சி இல்ல. எந்த மிருகம்னும் கவனிங்க, மனுசனுக்கு தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பு ஆரம்பத்துலயே, எல்1 எல்2ங்கற மொத ரெண்டு எலும்புகிட்ட முடிஞ்சுடும், நாய்க்கு, மாட்டுக்கெல்லாம் இன்னும் கீழ வரைக்கும் வரும், ஊசி மொன எதுக்குப் பக்கத்துல இருக்குங்கறதே மாறிடுது.

மிருகத்துல பாத்தது மனுசனுக்கு ஒதவவே ஒதவாதுனும் சொல்லிராதீங்க. புபிவாகெயின்னு மரக்க வைக்கற மருந்து ரத்தத்துல நிறையப் போனா இதயம் நின்னுரலாம். அதுக்கு கொழுப்பு எமல்ஷன் ஏத்தலாம்னு 1998ல எலில, 2003ல நாய்ல பாத்தாங்க, 2006ல ஒரு மனுசன் அதுல பொழச்சது வெளிய வந்துச்சு, இப்ப எங்க தியேட்டர் அலமாரில அந்தப் பால் மாதிரி பாட்டில் எப்பவும் இருக்கு. ஸ்பைனலுக்குப் போடற அளவுல அதுக்கு வேலை வர்றது ரொம்ப அபூர்வம், கை, கால் மாதிரி ஒரு பகுதியையே மரக்க வைக்க நிறைய மருந்து போடற பெரிய பிளாக்லதான் அதோட பயம்.

மாப்ளகிட்ட கடைசியா சொன்னது, நெட்ட மூடு, நாளைக்கு அனஸ்தீசியா டாக்டர்கிட்ட மூணே கேள்வி கேளு, என்ன மருந்து, எத்தன சதவீதம், எத்தன மில்லினு. பொண்டாட்டிக்கு ஏற்கனவே முதுகுப் பிரச்சன, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் இருந்தா அதயும் மறைக்காம சொல்லு. கேட்டிருக்கான். அவரு ஆம்பூலையே எடுத்துக் காட்டிருக்காரு, புபிவாகெயின் ஹெவி 0.5%, 4 மில்லி, அதுல சுமாரா 2 மில்லிதான் எடுப்போம்னு. சொசைட்டில பால் அளக்கற பய இல்லையா, மீதி ரெண்டு மில்லிய என்ன சார் பண்ணுவீங்கனு கேட்டானாம். கீழ கொட்டிருவோம்னதும் அவனுக்கு மனசே ஆறலையாம்.