மனநலக் குழுவை மற்ற அலுவலகங்களோடு இணைப்பது எப்படி

மாவட்ட மனநலத் திட்டக் குழு மாத்திரை தரும். ஆனால் தெருவில் அலைபவரை முதலில் பார்ப்பது போலீஸ். மாத்திரையை நிறுத்தியது முதலில் தெரியவருவது கிராம சுகாதாரச் செவிலியருக்கு. இந்த மூவரும் பேசிக்கொள்ளாவிட்டால் நோயாளிதான் அல்லாடுவார்.

முதல் வேலை, ஒவ்வொரு அலுவலகத்திலும் இரண்டு பேரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வாங்குவது. அதிகாரி மாற்றலாகிப் போவார் என்பதால் ஸ்டேஷன் ரைட்டர் போன்ற ஒருவரும் பட்டியலில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்ணுக்கும் போன் போட்டுச் சரிபாருங்கள்.

காவல் நிலையத்துக்கு, மனநோயோடு அலைபவர் விஷயத்தில் போலீஸின் கடமையைச் சொல்லும் 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கூட்டிப்போக வேண்டும். லாக்கப்பில் வைக்கவே கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர். பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் அவர்கள் கடமை. சிக்கல் பெரும்பாலும் இரவில் வரும்: மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்புவார்கள், அடுத்த முறை ஒதுங்கிவிடுவார்கள். இரவில் எந்த மருத்துவமனை, யாரைக் கூப்பிடுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

நோயாளியை வேறு அலுவலகத்துக்கு அனுப்பும் பரிந்துரைச் சீட்டு மூன்று பகுதியாக இருக்கட்டும்: ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று அந்த அலுவலகத்துக்கு, மூன்றாவது பதிலோடு உங்களிடம் திரும்பி வர. நோயின் பெயரை எழுதாதீர்கள், தேவையை மட்டும் எழுதுங்கள்: ‘முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு உதவி தேவை’. அதற்கும் நோயாளியின் சம்மதம் வேண்டும். ஊருக்குள் ஒருமுறை பேச்சு கசிந்தால் அந்தக் குடும்பம் மறுபடி வராது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் நீங்களே கூப்பிடுங்கள். அனுப்பிவிட்டோம் என்பது வேலை முடிந்ததற்குக் கணக்கில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மட்டும் நோயின் விவரம் தேவைப்படும். மனநோயால் வரும் பாதிப்பை அளக்கும் ‘ஐடியாஸ்’ அளவுகோலில் சுயபராமரிப்பு, உறவு, பேச்சு, வேலை ஆகியவற்றோடு நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பல சலுகைகளுக்கு 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று வேண்டும். பழைய ஓ.பி. சீட்டுகளைத் தொலைத்த குடும்பம் இங்கேதான் தோற்கிறது. முதல் நாளே ஒரு கோப்பு கொடுத்து எல்லாச் சீட்டையும் அதில் போடச் சொல்லுங்கள்.

செவிலியரிடம் தேதிப் பட்டியல் போதும். ஊசி, மாத்திரை நாள் தவறினால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகட்டும். இரவு நேர ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) தொலைபேசி எண்ணைச் சீட்டின் பின்பக்கம் அச்சிடுங்கள்.