மந்த வாயுக்களைக் கொண்டு ஆழ்நிலத் தடம் காணல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலத்தின் ஆழத்திலிருந்து எது ஏறிவருகிறது என்பதை, எதோடும் எளிதில் வினைபுரியாத ஹீலியம், நியான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்களைக் கொண்டு அறிய, வெப்ப ஊற்றுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் மாதிரி எடுக்கப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். குப்பியில் பெயர் ஒட்ட மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை திட்டு வாங்கியதும் சரியாகிவிடும்.

பிளாஸ்டிக் குப்பி

வேண்டாம். ஹீலியம் அதன் சுவர் வழியே கசிந்துவிடும்; செம்புக் குழாய்தான்.

நியானைப் பாராமல் ஹீலியத்தை நம்புவது

காற்றின் ஹீலியம்-3/ஹீலியம்-4 விகிதத்தை 1 எனக் கொண்டால், யுரேனியமும் தோரியமும் சிதைந்து ஹீலியம்-4 பெருகும் புவிமேலோட்டில் அது ஏறத்தாழ 0.02 ஆகவும், மேலோட்டுக்குக் கீழிருந்து வந்து நடுக்கடல் முகடுகளில் வெளிப்படும் கவசப் (மேன்டில்) பொருளில் ஏறத்தாழ 8 ஆகவும் இருக்கும். ஓர் ஆய்வு மாணவர் தம் ஊற்று வாயுவில் 0.3 கிடைத்ததும், கவசத்திலிருந்து மூன்றரை விழுக்காடு ஹீலியம் ஏறி வருகிறது என்று எழுதி, அது வருவதற்கு வரைபடத்தில் ஒரு பிளவையும் வரைந்து கொண்டுவந்தார். ஹீலியம்-4/நியான்-20 விகிதம் அறிக்கையின் கடைசிப் பத்தியில் 1.1 என்று கிடந்தது. அவர் அதைத் தொடவேயில்லை. நியான் பெரும்பாலும் காற்றிலிருந்தே வருவது; காற்றில் அவ்விகிதம் 0.32 என்பதால், மாதிரியிலிருந்த ஹீலியத்தில் 29 விழுக்காடு காற்றிலிருந்து வந்தது. அதைக் கழித்ததும் 0.3 என்பது 0.02-க்கும் கீழே இறங்கிவிட்டது. கவசமும் இல்லை, பிளவும் இல்லை. அதே 0.3, நியான் விகிதம் 300 உள்ள மாதிரியில் கிடைத்திருந்தால் அவர் சொன்னதை யாரும் அசைத்திருக்க முடியாது.

பிறகு கழித்துக்கொள்ளலாமே என்ற அலட்சியம்தான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. காற்றின் பங்கு மிகுந்துவிட்டால் கழித்தபின் எஞ்சுவது பெரும்பாலும் அளவீட்டுப் பிழையே. பயணச் செலவும் வாயுக்களை அளக்கும் நிறை நிறமாலைமானியில் காத்திருந்து பெற்ற முறையும் வீண். காற்றை ஊற்றடியிலேயே தடுக்க வேண்டும்: கவிழ்த்த புனலின் விளிம்பு முழுவதும் நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும், வெளியேறும் ரப்பர் குழாயின் நுனியும் நீருக்குள்ளேயே குமிழிவிட வேண்டும், செம்புக் குழாயின் கொள்ளளவைப்போலப் பல மடங்கு வாயு ஓடிய பிறகே வெளிமுனைக் கிளாம்பை முதலிலும் உள்முனைக் கிளாம்பை அடுத்தும் இறுக்க வேண்டும்.

ஹீலியத்தால் மட்டும் வயது சொல்வது

நிலத்தடி நீரில் காலப்போக்கில் சேரும் ஹீலியத்தைக் கொண்டு அந்நீரின் வயதைக் கணிக்கிறார்கள். ஆனால் அடியிலிருந்து ஏறிவரும் ஹீலியமும் சேர்ந்துகொள்வதால், நீர் உண்மையைவிட முதியதாகத் தோன்றும். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய மணற்கல் நீருக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் ஆண்டு வரை வயது கிடைத்தது, கதிரியக்கத்தால் மெல்லச் சிதையும் கிரிப்டான்-81 கொண்டு.

கார்பனோடு நிறுத்திக்கொள்வது

கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலில் நிலத்தடியில் செலுத்தப்பட்ட கார்பன் டை ஆக்சைடு அருகிலுள்ள ஒரு பண்ணைக்குக் கசிந்துவிட்டது என்று 2011-இல் குற்றச்சாட்டு எழுந்தது. மண்ணின் கார்பன் ஐசோடோப்பு அளவுகள் செலுத்திய வாயுவோடு ஒத்திருந்தன. ஆனால் மண்ணுயிர்கள் விடும் வாயுவிலும் அதே அளவுகள் வரக்கூடும். பண்ணைக் கிணற்று நீரின் மந்த வாயுக்களோ காற்றோடு சமநிலைப்பட்ட சாதாரண நீருடையவையாகவே இருந்தன. ஆழத்து ஹீலியம் ஏறிவந்ததற்கான தடயம் அவற்றில் இல்லை.